அலுவலக நாளில் மட்டும் திறக்கும் கண்கள்

ஆசைத்தம்பி இனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கப்போகிறார் என்கிற செய்தி காரைக்குடி முழுக்கத் தெரிந்தபோது, அவர் பெண்டாட்டி நாகஜோதிக்கு மட்டும் தெரியாது. செக்காலைப் பக்கத்து டீக்கடை, சலூன், ரேஷன் கடை வரிசை, பஸ் ஸ்டாண்டு வாழைப்பழ வண்டி எல்லாவற்றுக்கும் சொல்லி முடித்து, வாயில் மிச்சம் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் வீட்டிலும் சொல்லலாம் என்பது அவர் முறை. அதற்குள் பலகாரம் செய்ய உதவிக்கு வரும் ராமுத்தாய், அமராவதிபுதூர் டவுன் பஸ்ஸிலேயே கேள்விப்பட்டு வந்துவிட்டாள்.

"ஜோதியக்கா, அண்ணன் இனிமே ஆபீஸுக்கே போக மாட்டாகளாமே? ஆபீஸு இங்குட்டு வருதாமே?"

தேன்குழல் பிழிந்துகொண்டிருந்த நாகஜோதியின் கை அப்படியே நின்றது. எண்ணெயில் அரை வட்டம் ஒன்று அநாதையாகப் பொரிந்தது.

"யாருடி சொன்னா?"

"கண்டக்டரு."

நாகஜோதி அரை வட்டத்தைக் கரண்டியால் எடுத்துத் தனியாகப் போட்டாள். முப்பது வருடக் குடித்தனத்தில் அவள் கற்றுக்கொண்டது, புருஷனைப் பற்றிய செய்தி எதுவும் புருஷனிடமிருந்து வராது என்பது. அதற்காக அவரை மன்னித்திருந்தாள். ஆனால் இவ்வளவு வருடமாக அவரைப் பொறுத்துக்கொள்ள முடிந்ததற்கு ஒரே காரணம், காலை ஒன்பதரைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார் என்பது. அந்த ஒரு வசதியிலும் மண் விழுகிறதே என்பதுதான் அவளை உறுத்தியது.

ஆசைத்தம்பிக்கு ஊருக்கு வெளியே உள்ள ஓர் உலோக ஆய்வுக்கூடத்தில் உத்தியோகம். அங்கே ஒரு யூனிக்ஸ் கணினி. உலையின் சூட்டைக் கோடு கோடாக வரைந்து காட்டும் நிரல் ஒன்று அதில் ஓடும். கோடு மேலே போனால் திரையில் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். கீழே போனால் இன்னொரு பொத்தான். இந்த இரண்டு பொத்தான்களுக்கு நடுவில்தான் அவருடைய மொத்த உத்தியோக வாழ்க்கையும் கழிந்திருந்தது. வெளியில் சொல்லும்போது மட்டும், வானத்தில் போகிற ராக்கெட்டின் மூக்கு உருகாமல் இருப்பதே தன் சுண்டுவிரலால்தான் என்பார். "யூனிக்ஸ் என் மடியில வளந்த புள்ளை" என்பார். அந்தப் பிள்ளை பிறந்தபோது இவரே கால்சட்டை போடாமல் திரிந்தவர் என்று கணக்குப் பார்த்துச் சொல்ல ஊரில் யாருக்கும் நேரமில்லை.

மறுநாளே கணினிப் பிரிவிலிருந்து தீபலட்சுமி என்கிற பெண் வந்தாள். நாகஜோதியிடம் மாதம் தவறாமல் சீப்புச் சீடை வாங்குகிறவள். வீட்டுக் கணினியில் எதையோ ஏற்றினாள், ஆய்வுக்கூடத்துக்கு ஒரு தனி இணைப்புப் போட்டாள், கடைசியில் உலைக்கோடு கூடத்தில் வந்து நின்றது.

"அந்த மெஷினை இங்குட்டுத் தூக்கிட்டு வந்துட்டீகளா?" என்று நாகஜோதி கேட்டாள்.

"இல்லக்கா. மெஷினும் அங்கதான், நிரல் ஓடுறதும் அங்கதான். அதோட சன்னலை மட்டும் இந்தத் திரையில விரிக்கிறோம். அடுப்பு ஆபீஸ்ல, இலை உங்க வீட்ல. அங்க சமைக்கிறதை இங்க பரிமாறுறோம், அம்புட்டுத்தான்."

நாகஜோதிக்குச் சட்டென்று புரிந்தது. ஆசைத்தம்பிக்குப் புரிந்ததா என்று சொல்ல முடியாது. புரிந்ததுபோல் தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"ஒண்ணே ஒண்ணு சார்," என்றாள் தீபலட்சுமி. "இலை போட்டாச்சுன்னு யாரு வேணும்னாலும் வந்து பரிமாறட்டும்னு விட்டுறாதீங்க. காலைல உக்காந்ததும் நம்ம யூனிக்ஸ் மெஷின் பேரை மட்டும் அடிச்சு அனுமதி குடுங்க. எல்லாருக்கும் அனுமதின்னும் ஒரு கட்டளை இருக்கு. அதைத் தொடாதீங்க."

"ஏம்மா, எனக்கா சொல்ற?" என்று சிரித்தார் ஆசைத்தம்பி.

அவள் தெருமுனை தாண்டுமுன் அவர் அதைத்தான் தொட்டார். தினமும் ஒரு பேரை அடிப்பதற்கு அவர் சுண்டுவிரல் என்ன கூலிக்கா வந்திருக்கிறது? எல்லோருக்கும் அனுமதி என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு, "நம்ம வீட்ல இலை போட்டுட்டுக் கதவை அடைச்சுப் பழக்கமில்லை" என்று நாகஜோதியிடம் பெருமையாகச் சொன்னார். அந்த வீட்டில் இதுவரை விழுந்த இலைகளை எல்லாம் போட்டவள் நாகஜோதி. பரிமாறியவள் அவள். எடுத்துப் போட்டவளும் அவள்.

கூடம் பறிபோனது.

அந்தக் கூடம்தான் நாகஜோதியின் பட்டறை. அடுப்பு பின்கட்டில். ஆனால் மாவு சலிப்பது, வெல்லப்பாகில் புரட்டிய மனகோலத்தை ஆறவைப்பது, அதிரசம் தட்டுவது, நிறுத்துப் பொட்டலம் கட்டுவது எல்லாம் மின்விசிறிக்குக் கீழே, கூடத்தில். புதுவயல் மில் பச்சரிசி மூட்டை சுவரோரம் சாய்ந்திருக்கும். தீபாவளி நெருங்கிவிட்டது. சிங்கப்பூருக்குப் போகிற பெட்டியிலிருந்து எதிர்வீட்டுத் தலைத்தீபாவளி வரை ஏகப்பட்ட பேர் சொல்லிவைத்திருந்தார்கள்.

ஆசைத்தம்பி சட்டம் போட்டார். கூடத்தில் மாவு பறக்கக் கூடாது, கணினிக்கு மூச்சு முட்டும். சல்லடை ஆட்டக் கூடாது, அவர் கவனம் சிதறும். ராமுத்தாய் பேசக் கூடாது, அது யாருக்கும் நல்லதில்லை. ஒரு நாள் பின்கட்டில் யாரோ கைமுறுக்கைக் கடித்த சத்தத்துக்கு, "பாத்தியா, கோடு ஆடிருச்சு!" என்று கத்தினார். முறுக்கு கடித்து ஊருக்கு அப்பால் உள்ள உலை ஆடுமென்றால், தீபாவளியன்று நாட்டில் ஒரு உலை மிஞ்சாது.

பெண்கள் பின்கட்டுத் தார்ப்பாய்க்குக் கீழே ஒதுங்கினார்கள். ஐப்பசி மழை தார்ப்பாயில் குளம் கட்டி, குளம் சொட்டி, அதிரச மாவில் விழுந்தது. ஒரு ஈடு மாவு முழுக்க எண்ணெயில் கரைந்து போனது. ராமுத்தாய் அதைப் பார்த்துவிட்டுக் கூடத்துப் பக்கம் பார்த்தாள். அங்கே உலைக்கோடு தன்பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருக்க, அதன் காவலர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இது எம்புட்டு நாளைக்கு?"

"இப்ப தற்காலிகமாத்தான். நிரந்தரமாக்கச் சொல்லி இயக்குநருக்கு எழுதிப் போட்டிருக்காராம். தீபாவளிக்குள்ள கையெழுத்தாயிருச்சுன்னா ரிடையர் ஆகுறவரைக்கும் இங்கதானாம்."

"ரிடையர் ஆனப்புறம்?"

"அப்புறம் எங்கடி போவாக?"

கையெழுத்து விழுந்தால் கூடம் போனது போனதுதான். கூடம் போனால் பலகாரமும் போனது.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆசைத்தம்பி மேடையேறிப் பேசுகிற பகுத்தறிவாளர். கண்திருஷ்டி என்கிற சொல் காதில் விழுந்தால் ஒலிபெருக்கி இல்லாமலே ஒரு மணி நேரம் முழங்குவார். நாகஜோதி ஸ்கூட்டரில் கட்டிய எலுமிச்சம்பழத்தை அறுத்து, அவள் கண் முன்னாலேயே சர்பத் போட்டுக் குடித்தவர். ஆயுத பூஜைக்குக் கணினிக்கு ஒரு பொட்டு வைக்கலாமா என்று கேட்டதற்கு, "யூனிக்ஸுக்கே பொட்டா? பட்டிக்காடு!" என்றார். அமராவதிபுதூரிலிருந்து வந்த ராமுத்தாய்க்குக் கோபம் வந்தது. காரைக்குடியிலேயே பிறந்த நாகஜோதிக்கு அதைவிட.

தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் காலை, திரையில் உலைக்கோட்டுச் சன்னல் வரவில்லை. ஆசைத்தம்பி தீபலட்சுமிக்குப் போன் போட்டு, வரலை, வரலை என்றார். அவள் என்ன சொன்னாலும், வரலை என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே மத்தியானம் வரை ஓட்டினார். பிறகு சாப்பாடு வந்தது. அது வந்ததும் போனைச் சத்தமில்லாமல் ஆக்கித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, படுத்துவிட்டார்.

எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே நின்றார். உட்கார்ந்தவர் எப்படி நின்றார் என்று கேட்கக் கூடாது. அந்த வேகத்தில் இரண்டும் ஒன்றாக நடந்தன.

திரையில் இரண்டு கண்கள்.

முகமில்லை, மூக்கில்லை. தாம்பாளம் தாம்பாளமாக இரண்டு வெள்ளை விழி, நடுவில் கறுப்புப் பாப்பா. ஆசைத்தம்பி மவுஸை வலது பக்கம் நகர்த்தினார். கண்கள் வலது பக்கம் பார்த்தன. இடது பக்கம் இழுத்தார். இடது பக்கம் பார்த்தன. மெல்ல, மிக மெல்ல, கள்ளன் நகை மூட்டையை நகர்த்துவதுபோல் கீழே கொண்டுவந்தார். கண்கள் குனிந்து அவருடைய தொந்தியைப் பார்த்தன.

அதே நேரம் பின்கட்டில் நாகஜோதியின் போன் அடித்தது. தீபலட்சுமி.

"அக்கா, சார் போனை எடுக்க மாட்டேங்குறாரு. எல்லாருக்கும் அனுமதின்னு திறந்துதான் போட்டிருக்காரு, அதனால லைன் சரியா இருக்கான்னு பாக்க ஒரு சின்ன நிரலை இங்கருந்து அவர் திரையில போட்டு விட்டேன். ரெண்டு கண்ணு வந்திருக்கும். மவுஸ் போற பக்கம் பாக்கும், வேற ஒண்ணும் செய்யாது. யூனிக்ஸ் ஆளுக எல்லாரும் அதை வச்சுத்தான் சோதிப்பாங்க. வந்துச்சான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க, மூடிர்றேன்."

நாகஜோதி கதவிடுக்கு வழியாகக் கூடத்தை எட்டிப் பார்த்தாள். யூனிக்ஸை மடியில் வளர்த்தவர், மேசைக்கு அடியில் தவழ்ந்துபோய் அந்தப் பக்கமாகத் தலையை நீட்டி, அங்கேயும் அந்தக் கண்கள் பார்க்கின்றனவா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துருச்சு தாயி. நல்லாவே வந்துருச்சு."

"அப்ப மூடிரவா?"

"கெடக்கட்டும். அது பாட்டுக்குப் பாக்கட்டும். இந்த மனுசனை நான் ஒருத்தியே எம்புட்டு நாளைக்குப் பாத்துக்கிட்டு இருக்குறது?"

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. "சார் பயந்துறப் போறாரு அக்கா."

"அவரா? பேயே வந்தாலும் ஆதார் கார்டு கேப்பேன்னு மேடையில பேசுன ஆளு."

தீபலட்சுமி கொஞ்சம் யோசித்தாள். "அக்கா, அவரு எனக்குப் போன் பண்றதை நிறுத்துனாருன்னா கண்ணு என்ன, மூக்கைக்கூட அனுப்புவேன். காலைல இருந்து ஒரு வாய் தண்ணி குடிக்க விடலை."

"அப்ப ஒண்ணு செய்யி. நான் ஒரு மிஸ்டு கால் குடுத்தா போடு. ரெண்டு குடுத்தா எடு. இந்த மாசம் சீடை நம்ம கணக்கு."

ஒப்பந்தம் முடிந்து திரும்பினால், ஆசைத்தம்பி பின்கட்டு வாசலில் நிற்கிறார். முகம் வெளுத்து இட்லி மாவு நிறத்தில் இருந்தது.

"ஜோதி. நீ என் டேபிள் பக்கம் வந்தியா?"

"நான் ஏன் வாரேன்? கோடு ஆடிரும்ல."

"திரையில ஒரு... ஒரு மாதிரி... பார்வை."

"என்ன பார்வை?"

அவர் ராமுத்தாயைப் பார்த்தார். ராமுத்தாய் சல்லடையைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல. கிராஃபிக்ஸ்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாகஜோதி ஒரு பொய்யும் சொல்லவில்லை. அது என்ன என்று அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. தீபலட்சுமியிடமும் கேட்க வழியில்லை. 'அந்தப் பொண்ணுக்கு யூனிக்ஸே நான் சொல்லிக்குடுத்தது' என்று டீக்கடையிலும் சலூனிலும் பதிவாகியிருக்கிறது. சொல்லிக்கொடுத்தவர் போய், அம்மா இது என்னம்மா என்று கேட்பாரா? உயிரே போனாலும் கேட்க மாட்டார். அந்த ஒரு இடத்தில் ஆசைத்தம்பி உறுதியானவர்.

கணினியை அணைத்துப் போட்டார். கண்கள் போயின. உலைக்கோடும் வந்தது. அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நகைப்பட்டறை வைத்திருக்கிற தங்கச்சாமிக்குப் போன் போட்டார்.

"மாப்ளே, இயக்குநரே என்னைக் கேட்டுட்டுத்தான்டா கடிகாரத்துக்குச் சாவி குடுக்குறாரு. போன வாரம் டெல்லியில இருந்து நாலு பேரு வந்து, ஆசைத்தம்பி வீட்டுக் கூடத்தைப் பாக்கணும்னு..."

பின்கட்டில் ஒரு மிஸ்டு கால் போனது.

"... பாக்கணும்னு..." ஆசைத்தம்பியின் குரல் இறங்கியது. தாம்பாளக் கண்கள் இரண்டும் அவரைப் பார்த்தன. "... மாப்ளே, நான் அப்புறம் பேசுறேன். இங்க சிக்னல் சரியில்ல."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாகஜோதிக்கு ஒரே குஷி. அவர் ராமுத்தாயை அதட்டினால் கண் வந்தது. சாம்பாரில் உப்பில்லை என்றால் கண் வந்தது. 'நான் மட்டும் இல்லேன்னா' என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால், 'இல்லேன்னா' வருவதற்குள் கண் வந்தது. அவர் வாயை மூடி, மெதுவாக மூச்சுவிட்டு, நல்லவராக உட்கார்ந்திருந்தால் இரண்டு மிஸ்டு காலில் கண் போனது. ஆசைத்தம்பி படித்தவர். கணக்கைப் பிடித்துக்கொண்டார். அந்த வாரம் காரைக்குடியில் புளுகு வரத்து அப்படிக் குறைந்தது. டீக்கடைக்காரர், அண்ணனுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று ஆள் அனுப்பி விசாரித்தார். தங்கச்சாமி நேரிலேயே வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு நாகஜோதியின் சமையல்கட்டில் களவு தொடங்கியது. முதலில் ஒரு எலுமிச்சம்பழம். அப்புறம் பச்சைமிளகாய். கூடம் பெருக்கும்போது பார்த்தால், திரைக்குப் பின்னால், மின்கம்பிகளுக்கு நடுவில், ஒரு கறுப்பு நூலில் எல்லாம் தொங்கின. சும்மா தொங்கவில்லை. கீழே கரித்துண்டு, நடுவில் எலுமிச்சை, மேலே மிளகாய், காம்பு ஒரே பக்கமாக, அத்தனை முறையாக. மேடையில் திட்டுவதற்காகக் கற்ற கல்வி வீண்போகவில்லை.

"கோர்த்ததும் நல்லாத்தான் கோர்த்திருக்காரு," என்றாள் ராமுத்தாய். "நம்ம கடைக்கும் ஒண்ணு கேப்பமா?"

அடுத்த நாள் ஸ்கூட்டருக்குக் காற்றுப் பிடிக்கப் போகிறேன் என்று கிளம்பினார். காற்றுப் பிடிக்கப் பிள்ளையார்பட்டி வரை போனார்போல. திரும்பி வந்தபோது சட்டைப்பையில் விபூதிப் பொட்டலம், திரையின் மேல்விளிம்பில் மூன்று பட்டை. நாகஜோதி பார்த்தும் பார்க்காததுபோல் காபியை வைத்துவிட்டுப் போனாள். அவள் உள்ளே போய்ச் சேர்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது.

ஆனால் இயக்குநரின் கையெழுத்து இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மழையும் விடவில்லை. தார்ப்பாய் ஒரு பக்கம் கிழிந்துவிட்டது. சிங்கப்பூர்ப் பெட்டி திங்கட்கிழமை போயாக வேண்டும். எலுமிச்சம்பழம், விபூதி என்று ஆசைத்தம்பி இப்படியே சமாளித்துக்கொண்டு வீட்டிலேயே காலம் தள்ளிவிடுவாரோ என்று நாகஜோதிக்குப் பயம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை, அவரே வாயைத் திறந்தார்.

"ஜோதி, அதிரசத்துக்கு மண்டைவெல்லம் வேணும்னியே. நீயும் ராமுத்தாயும் போய்ப் பாத்து வாங்கிட்டு வாங்க. அவசரமில்ல. நிதானமா வாங்க."

வீட்டில் வெல்லம் ஒரு மாதத்துக்கு இருந்தது. இத்தனை வருடத்தில் அவர் அவளை நிதானமாக வா என்று சொன்னதும் இல்லை. இரண்டு பேரும் கூடையை எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாகப் போனார்கள், தெருமுனையில் திரும்பினார்கள், சந்து வழியாகப் பின்கட்டுக்கு வந்தார்கள், கூடத்து ஜன்னலுக்கு அடியில் உட்கார்ந்தார்கள்.

உள்ளே கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சாம்பல் பூசணிக்காய் வெளியே வந்தது. ஆள் உயரம் இருக்கும் என்று ராமுத்தாய் பிற்பாடு அமராவதிபுதூர் பஸ்ஸில் சொன்னாள். அவ்வளவு இருக்காது, ஆனாலும் அதை உருட்டித்தான் வெளியே கொண்டுவந்தார் என்பது உண்மை. அதன் தலையில் ஓட்டை போட்டுக் குங்குமத்தைக் கரைத்து ஊற்றியிருந்தார். மேலே கற்பூரம். சட்டையைக் கழற்றிவிட்டு, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கற்பூரத்தைப் பற்றவைத்து, பூசணிக்காயை இரண்டு கையிலும் ஏந்தி, உலைக்கோட்டின் முன்னால் நின்றார்.

"ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு..." என்று தொடங்கினார் பகுத்தறிவாளர். மந்திரம்கூட மனப்பாடம்.

"அக்கா," என்று ராமுத்தாய் கிசுகிசுத்தாள். "போடுங்க."

நாகஜோதி மிஸ்டு கால் போட்டாள்.

கண்கள் திறந்தன. அதற்கே ஆசைத்தம்பிக்குக் குரல் பாதியில் நின்றது. ஆனாலும் பூசணிக்காயைத் தூக்கியாகிவிட்டது, கற்பூரம் எரிகிறது, சுற்றாமல் விட்டால் அது இன்னும் மோசம் என்று அவருக்கே தெரியும். பற்களைக் கடித்துக்கொண்டு வலம் சுற்றத் தொடங்கினார். அவருக்குத் தெரியாதது ஒன்று. இடுப்பில் கட்டிய துண்டின் முனை, மவுஸ் வயரில் சிக்கியிருந்தது. அவர் உடம்பு வளைந்து வளைந்து சுற்ற, மவுஸும் மேசைமேல் வளைந்து வளைந்து ஊர்ந்தது.

கண்கள் கற்பூரத்தோடு சேர்ந்து சுற்றின.

அவர் மேலே போனால் மேலே. கீழே வந்தால் கீழே. ஒரு முழு வட்டம். தீபாராதனையைக் கண்ணால் வாங்கிக்கொள்கிற சாமிபோல, ஒரு சொட்டுக் கற்பூர வெளிச்சத்தையும் விடாமல்.

"ஆத்தாடீ!"

பூசணிக்காய் அவருடைய நாற்காலியிலேயே விழுந்து பிளந்தது. கூடமெல்லாம் சிவப்புத் தண்ணீர். விதைகள் ஒட்டிய காலோடு ஆசைத்தம்பி வாசலைத் தாண்டினார், ஸ்கூட்டரை மிதித்தார், அது கிளம்புமுன் அவர் கிளம்பிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். இடுப்பில் துண்டு, கையில் குங்குமம். அந்தக் கோலத்தில் ஆய்வுக்கூடத்து வாசல் காவலர், கோவிலிலிருந்து பிரசாதம் வருகிறது என்று எண்ணிக் கும்பிட்டு உள்ளே விட்டாராம்.

சாயங்காலம் யாரிடமோ இரவல் வாங்கிய சட்டையோடு திரும்பினார். கூடம் கழுவி, பாய் விரித்து, மனகோலம் மலைபோல் ஆறிக்கொண்டிருந்தது. காபி குடித்தபின் சொன்னார்:

"அந்த விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிட்டேன். நான் இல்லாம அங்க உலையே அணைஞ்சிரும் போல. இயக்குநர் அழுகுறாரு."

"பெரிய மனுசரை அழுக விடலாமா? பொழுதோட போயிருங்க," என்றாள் நாகஜோதி.

சிங்கப்பூர்ப் பெட்டி திங்கட்கிழமை போனது. எதிர்வீட்டுத் தலைத்தீபாவளிக்கு அதிரசம் கரையாமல் போனது. கூடத்தில் ராமுத்தாய் தொண்டை வற்றும்வரை பேசினாள்.

தீபாவளி முடிந்து ஒரு நாள், மத்தியானத்திலேயே ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஆசைத்தம்பி செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து தாம்பாளங்களுக்கு நடுவில் நின்றார். ஆய்வுக்கூடத்தில் தீபலட்சுமி இன்னொருவர் வீட்டு இணைப்பைச் சோதித்துக்கொண்டிருந்தாளாம். அவள் திரையில் அதே கண். பக்கத்தில் நின்ற கத்துக்குட்டிகள் எல்லாம் அதற்குப் பேர்கூடச் சொன்னார்களாம்.

"ஜோதி. அந்தக் கண்ணு. உனக்குத் தெரியுமா?"

"எந்தக் கண்ணு?"

"தெரியுமா தெரியாதா?"

நாகஜோதி தராசில் சீடையைப் போட்டபடியே நிமிர்ந்து பார்த்தாள். "தீபா சொன்னா. லைனைச் சோதிக்கிற நிரலாம். யூனிக்ஸ் ஆளுக எல்லாருக்கும் தெரியுமாமே. உங்களுக்குத் தெரியாதா?"

கூடத்தில் ராமுத்தாய் இருந்தாள். சீடை வாங்க வந்த தங்கச்சாமியும் இருந்தார். மூன்று பேரும் ஆசைத்தம்பியையே பார்த்தார்கள். அந்தக் கணத்தில் அவர் ஒரு சொல், ஒரே ஒரு சொல், உண்மையாகச் சொல்லியிருந்தால் தப்பியிருப்பார்.

"எனக்கா தெரியாது?" என்று சிரித்தார். "வந்த அன்னைக்கே தெரியும். உன்னைச் சோதிச்சேன்."

"அப்ப பூசணிக்காய்?"

"அதுவும் சோதனைதான்."

"என்ன பூசணிக்காய்?" என்றார் தங்கச்சாமி.

"ஒண்ணுமில்ல மாப்ளே. நீ சீடையை வாங்கு."

"நல்லதாப் போச்சு," என்றாள் நாகஜோதி. "அப்ப அதைப் போட்டு விடவும் உங்களுக்குத் தெரியும்ல?"

"தீபாவுக்குச் சொல்லிக்குடுத்ததே நான்தானே?"

"அப்ப நாளையில இருந்து காலைல ஆபீஸ் போனதும் நீங்களே போட்டு விட்டுருங்க. இங்குட்டு இந்தக் கம்ப்யூட்டர் சும்மாதான் கெடக்கு. நம்ம யாவாரத்துக்கு ஒரு திருஷ்டிப் பொம்மை வைக்கணும்னு நானும் ரொம்ப நாளா நெனைச்சேன்."

தங்கச்சாமி ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார். "போட்டு விட்டாப் போச்சு," என்றார் ஆசைத்தம்பி.

தீபலட்சுமி வந்து, எல்லோருக்கும் திறந்துகிடந்த அனுமதியை மூடி, ஆசைத்தம்பியின் யூனிக்ஸ் மெஷினுக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் போனாள். அதனால் இப்போது அந்தக் கண்ணை அவர் ஒருவர்தான் போட முடியும். முதல் நாள் அவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்து, என்ன அடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார் என்பது தீபலட்சுமிக்கும் நாகஜோதிக்கும் மட்டும் தெரியும். எனவே அமராவதிபுதூர் பஸ்ஸுக்கும் தெரியும்.

திரை இப்போது வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. மவுஸ் தராசுத் தட்டுக்குப் பக்கத்தில். தட்டு இறங்கும்போது மவுஸை இடிக்கும், கண்கள் திரும்பி எடையைப் பார்க்கும். நாகஜோதி கடையில் கம்ப்யூட்டரே எடை பார்க்கிறது என்று பேர் வந்துவிட்டது. கைக்குழந்தைகள் அழுதால் தாய்மார் தூக்கிவந்து காட்டுகிறார்கள். டீக்கடையில் ஆசைத்தம்பி, தான் ஆய்வுக்கூடத்திலிருந்தபடியே மொத்த வியாபாரத்தையும் ரெண்டு கண்ணால் மேற்பார்வை செய்வதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தக் கண்ணுக்கு ஒரு எழவும் தெரியாது என்பதை நாகஜோதி யாரிடமும் சொல்வதில்லை. இத்தனை வருடமாக அவரைப் பற்றியும் அவள் அப்படி யாரிடமும் சொன்னதில்லை.

கண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. அரசு விடுமுறைக்கும் லீவு. வீட்டில் சண்டை போட்டுவிட்டுப் போன நாட்களில் அவர் வேண்டுமென்றே தாமதமாகப் போடுவார். அப்போது வாசலில் நிற்பவர்கள், "என்ன ஆச்சி, இன்னும் கண்ணு முழிக்கலையா?" என்று கேட்பார்கள்.

நாகஜோதி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து, ஆசைத்தம்பிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள்.

திறந்துகொள்ளும்.